சீலிங்கைச் சுரண்டுவதற்கு முன்

லண்டனில் பல வருடங்களாகச் சுவர்ப்பூச்சு வேலை செய்கிறேன். போன மாதம் ஹரோவில் ஒரு வீட்டுக்கு வேலை பார்த்து விலை சொல்லப் போனேன். புதிதாக வீடு வாங்கிய தம்பி ஏணியில் நின்று சீலிங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். விசிறி விசிறியாக வளைவு போட்ட பழைய ஆர்ட்டெக்ஸ் பூச்சு. தரையெல்லாம் வெள்ளைத் தூள். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது.

"பாதி முடிஞ்சுது அண்ணா, மிச்சத்துக்குத் தேய்க்கிற மெஷின் வாடகைக்கு எடுக்கப்போறன்."

முதலில் அவரைக் கீழே இறக்கினேன்.

ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நமக்கு ஊர்க் கூரைத் தகடுதான் நினைவுக்கு வரும். இங்கே அது சீலிங் பூச்சிலும் இருக்கிறது. 1980களின் நடுப்பகுதி வரை இந்தப் பூச்சுகளில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது சாதாரணம். பிரிட்டன் அதை முழுதாகத் தடை செய்தது 1999இல்தான். அதனால் 2000க்கு முன் கட்டிய வீடு என்றால் இருக்கிறது என்றே எண்ணி நடக்கவேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கும் முடியாது. ஆய்வுக்கூடத்துக்கு ஒரு சிறு துண்டு அனுப்பினால் தெரிந்துவிடும். அதற்கு ஆகும் செலவு, கூலியோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை.

பூச்சு முழுசாக ஒட்டியிருக்கும்வரை பயமில்லை. காய்ந்தபடி சுரண்டினாலோ தேய்த்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். நோய் வர இருபது, முப்பது வருடங்கள்கூட ஆகலாம். இருமல்கூட வராததால் யாரும் பயப்படுவதில்லை. எனக்குப் பயமே அதனால்தான்.

அந்த அறையைக் கூட்டவேண்டாம், தூசி உறிஞ்சும் வீட்டு ஹூவரைப் போடவே வேண்டாம் என்றேன். ஹூவர் அந்த நாரை மறுபடி காற்றில் ஊதிவிடும். கதவை மூடி, இடுக்கில் டேப் ஒட்டினோம். போட்டிருந்த உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டிவைத்துவிட்டுக் குளிக்கச் சொன்னேன். ஆய்வுக்கூடத்துக்கு ஒரு துண்டு அனுப்பினோம். முடிவு வந்தது: ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது.

பயிற்சி பெற்றவர்கள் வந்து அறையைச் சுத்தம் செய்து, சுரண்டிய பாதியில் மிச்சமிருந்ததை எடுத்தார்கள். தரையில் தடித்த பாலித்தீன் விரித்து, பூச்சின்மேல் ஜெல் தடவி ஊறவிட்டு, ஈரமாக இருக்கும்போதே வழித்தார்கள். நீராவி வைத்தும் இளக்கலாம். நுண்ணிய தூளையும் வடிக்கும் எஃப்.எஃப்.பி.3 முகமூடி கட்டாயம். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு பொருந்தாது, மழிக்கத்தான் வேண்டும். கழிவு இரட்டைப் பையில் கட்டி, அதற்கென உள்ள இடத்துக்குத்தான் போகவேண்டும். வீட்டுக் குப்பைத்தொட்டிக்கு அல்ல.

சுரண்டாத பாதியை நான் எடுக்க விடவில்லை. நல்ல நிலையில் இருந்தது, கூரையிலிருந்து நீர்க்கசிவும் இல்லை. மேடுகளைத் தட்டாமல், ஒட்டுப்பசை பூசி, மேலே பிளாஸ்டர் போட்டு மட்டமாக்கினேன். இப்போது பார்த்தால் அடியில் ஆர்ட்டெக்ஸ் இருப்பதே தெரியாது.

அதனால்தான் ஆய்வு முடிவின் நகலை மின்பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். நாளைக்கு ஸ்பாட்லைட் போட யாராவது அந்தச் சீலிங்கில் துளை போட வந்தால், மின்சாரத்தை நிறுத்த முதலில் அதைத்தான் திறப்பார்.