பவர் ஸ்டேஷன் வாங்கியாச்சு, இனி எதை எப்படிச் சொருகுவது?

ஐப்பசி பிறந்தால் சென்னையிலும் டெல்டா பக்கமும் பவர் ஸ்டேஷன், அதாவது லித்தியம் பேட்டரியும் சாக்கெட்டுகளும் உள்ளே அடங்கிய, தூக்கிச் செல்லும் பெட்டி பற்றிய விசாரிப்பு கூடிவிடும். 2016 டிசம்பர் 12 வர்தா, 2018 நவம்பர் 16 கஜா, 2023 டிசம்பர் மிக்ஜாம் என்று ஒவ்வொரு புயலிலும் பல தெருக்களில் கரண்ட் நாள்கணக்கில் வரவில்லை. கஜாவின்போது வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகலாம், வெயிலில் சார்ஜ் போடலாம், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டியதில்லை என்பதால் இந்தப் பெட்டிக்கு மவுசு வந்திருக்கிறது. ஆனால் "ஆயிரம் வாட்னு சொன்னாங்க, ஒரு ராத்திரிகூடத் தாங்கலை" என்ற புகாரும் கூடவே வருகிறது. பெரும்பாலும் பெட்டியில் குறை இருப்பதில்லை. சொருகிய விதத்தில்தான் இருக்கிறது.

தினமும் ஒரு மணி, இரண்டு மணி நேரக் கரண்ட் கட்டுக்கு மட்டும் வழி தேடுபவர்கள் இதை வாங்கத் தேவையில்லை. 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி வைத்த சாதாரண வீட்டு யூபிஎஸ் போதும், செலவும் குறைவு. வீட்டு ஒயரிங்கோடு சேர்ந்து ஃபேனையும் லைட்டையும் அது பார்த்துக்கொள்ளும். பவர் ஸ்டேஷனின் வேலை வேறு: நீண்ட இருட்டில், தேர்ந்தெடுத்த நாலு சாமான்களை ஓட வைப்பது.

முதலில் பெட்டியில் உள்ள எண்ணைப் பார்ப்போம். வாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது. வாட் ஹவர் என்பது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது. 1,000 வாட் ஹவர் என்றால் ஈபி கணக்கில் ஒரே ஒரு யூனிட், அவ்வளவுதான். மாடல் பெயரில் உள்ள 300 அல்லது 600 சில கம்பெனிகளில் வாட்டைக் குறிக்கும், சிலவற்றில் வாட் ஹவரை. ஸ்பெசிஃபிகேஷன் தாளில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விலை மலிவான பெட்டிகளில் "80,000 எம்ஏஹெச்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது 3.7 வோல்ட் செல் கணக்கு. 80,000 எம்ஏஹெச் என்பது 80 ஆம்பியர் ஹவர், அதை 3.7 ஆல் பெருக்கினால் 296 வாட் ஹவர், ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. செல் வகையையும் கேளுங்கள். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) என்றால் 3,000 முறைக்கு மேல் சார்ஜ் தாங்கும், சூட்டையும் பொறுக்கும். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் செல்) எடை குறைவு, ஆனால் பொதுவாக 500 முதல் 800 முறையிலேயே தளர ஆரம்பிக்கும். நம் ஊர் வெயிலுக்கு எல்எஃப்பி என்பதில் எங்களுக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

இனி, அந்த ஒரு யூனிட் எங்கே போகிறது என்று பார்ப்போம். 1,024 வாட் ஹவர் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேட்டரியில் இருப்பது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட். 230 வோல்ட் சாக்கெட்டை ஆன் செய்தால் உள்ளே அதை வீட்டுக் கரண்ட்டைப் போல மாற்றும் இன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கும். மாற்றுவதில் பத்து சதவீதம் போல போய்விடும். அது போக, எதையும் சொருகாவிட்டாலும் இன்வெர்ட்டர் விழித்திருக்கவே 10 முதல் 20 வாட் தின்னும். இதுதான் பலருக்குத் தெரியாத ஓட்டை. 10 வாட் எடுக்கும் வைஃபை ரவுட்டரை அதன் அடாப்டரோடு 230 வோல்ட் சாக்கெட்டில் போட்டால், ரவுட்டருக்கு 11 வாட், இன்வெர்ட்டருக்கு 15 வாட். எஜமானைவிட வேலைக்காரன் அதிகம் சாப்பிடுகிறான். சுமார் 39 மணி நேரத்தில் பெட்டி காலி. அதே ரவுட்டரை 12 வோல்ட் டிசி முனையில் நேரடியாகக் கொடுத்தால் 80 மணி நேரத்தைத் தாண்டும்.

அப்படி நேரடியாகக் கொடுப்பது பெரிய வித்தை இல்லை. ரவுட்டர் அடாப்டரின் அடியில் "அவுட்புட்" என்று எழுதிய வரியைப் படியுங்கள். 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர் என்றிருந்தால் சரி. 9 வோல்ட் என்றிருந்தால் கை வைக்க வேண்டாம், ரவுட்டர் புகைந்துவிடும். பக்கத்தில் சின்ன வட்டப் படம் ஒன்று இருக்கும். நடுப்புள்ளி பிளஸ்ஸோடு சேர்ந்திருக்க வேண்டும். ஒயர் முனையில் உள்ள பின் பெரும்பாலும் 5.5க்கு 2.1 மி.மீ. அளவுதான், எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயர் கிடைக்கும். சொருகும் முன் மல்டிமீட்டரில் ஒருமுறை அளந்துவிடுங்கள். சில பெட்டிகளின் 12 வோல்ட் முனையில் 13 வோல்ட்டுக்கு மேல் வரும். நிறைய ரவுட்டர்கள் அதைத் தாங்கும், எல்லாமும் தாங்காது. லேப்டாப்பையும் செல்போனையும் டைப்-சி முனையிலேயே போடுங்கள். 230 வோல்ட்டாக ஏற்றி, அதை அடாப்டர் மறுபடி 20 வோல்ட்டாக இறக்குவது வீண் வேலை.

ஒரு ராத்திரிக் கணக்கு. 50 வாட் டேபிள் ஃபேன் பத்து மணி நேரம், ரவுட்டர் பன்னிரண்டு மணி நேரம், 9 வாட் எல்இடி பல்பு இரண்டு ஐந்து மணி நேரம், இரண்டு செல்போன். எல்லாம் 230 வோல்ட் சாக்கெட்டில் என்றால், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து 1,024 வாட் ஹவர் பெட்டி விடியும்போது கிட்டத்தட்டத் துடைத்த மாதிரி இருக்கும். அதையே மாற்றி, சோலார் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட், 20 வாட் டிசி ஃபேன், ரவுட்டருக்கு டிசி ஒயர், 5 வாட் யூஎஸ்பி பல்பு என்று அமைத்து 230 வோல்ட் பட்டனை ஆஃப் செய்துவிட்டால் மொத்தம் 400 வாட் ஹவர் சுற்றித்தான் ஆகும். அதே பெட்டி இரண்டு ராத்திரி ஓடும்.

இன்னொரு தொல்லை ஈகோ மோடு. சொருகியிருக்கும் லோடு மிகக் குறைவாக இருந்தால், யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து பெட்டி தானே சாக்கெட்டை அணைத்துவிடும். நடுராத்திரி ரவுட்டர் சாவதற்குக் காரணம் இதுதான். ஃபிரிட்ஜில் இது இன்னும் மோசம். உள்ளே குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நிற்கும், அந்த இடைவெளியில் பெட்டி அணைந்துவிடும், மறுபடி கம்ப்ரஸர் ஓட வேண்டிய நேரத்தில் கரண்ட் இருக்காது. காலையில் பால் திரிந்த பிறகுதான் தெரியும். ஆப்பிலோ பெட்டியின் மெனுவிலோ இதை அணைத்து வையுங்கள்.

ஃபிரிட்ஜ் என்று வந்தாகிவிட்டது, அதை முடித்துவிடுவோம். 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஓடும்போது 100 வாட் சுற்றித்தான் எடுக்கும். ஆனால் பழைய வகைக் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த அரை நொடியில் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேலும் இழுக்கும். 300, 600 வாட் பெட்டிகள் அந்த இடத்தில் ட்ரிப் ஆகும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள ஃபிரிட்ஜ் மெதுவாகக் கிளம்புவதால் சின்னப் பெட்டியிலும் ஓடும். ஸ்டெபிலைசரை நடுவில் வைக்காதீர்கள். பெட்டியிலிருந்து வருவது ஏற்கெனவே நிலையான 230 வோல்ட். ஸ்டெபிலைசரின் டிரான்ஸ்ஃபார்மர் தன் பங்குக்கு வேறு கரண்ட்டைத் தின்னும். நாள் முழுக்க ஓட்டவும் வேண்டாம். கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும் என்பதால், ஒரு மணி நேரம் ஓட்டி, இரண்டு மணி நேரம் நிறுத்தலாம். நிறுத்திய உடனே திரும்பப் போடாமல் ஐந்து நிமிஷமாவது விட வேண்டும். உள்ளே கேஸ் அழுத்தம் சமமாகும் முன் போட்டால் கம்ப்ரஸர் திணறும், பெட்டி ட்ரிப் ஆகும்.

மிக்ஸியைப் பெரிய பெட்டியில் சட்னிக்கு ஒரு சுற்று ஓட்டலாம். இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் பற்றி நினைக்கவே வேண்டாம். அரை ஹெச்பி தண்ணீர் மோட்டார் ஓடும்போதே 600 வாட்டைத் தொடும், கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு. சில பெட்டிகளில், அதன் திறனைத் தாண்டிய சாமானையும் ஓட்டும் வசதி என்று ஒன்று தருகிறார்கள். வோல்டேஜைக் குறைத்துத்தான் அதைச் சாதிக்கிறது. கெட்டில் மாதிரி சூடேற்றும் சாமானுக்கு அது பரவாயில்லை, மோட்டாருக்குக் கொடுத்தால் காயில் கருகும்.

மருத்துவச் சாதனம் உள்ள வீடுகள் கணக்கை எழுதியே பார்க்க வேண்டும். தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்கள் மாட்டும் சிபேப் மெஷின், சூடான ஈரப்பத வசதியை அணைத்துவிட்டால் 40 வாட் அளவில் ராத்திரி முழுக்க ஓடும். ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் 350 வாட் எடுத்தால், இதே 1,024 வாட் ஹவர் பெட்டியில் இரண்டரை மணி நேரம்தான். அந்த வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் பெட்டியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

இப்போது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி, ஒன்றைப் பெட்டியிலும் மற்றொன்றைச் சுவர் சாக்கெட்டிலும் சொருகி வீடு முழுக்க லைட் எரிய வைக்கும் பழக்கம் ஜெனரேட்டர் காலத்திலிருந்து வருகிறது. "மெயினை ஆஃப் பண்ணிட்டோமே" என்பார்கள். ஒருநாள் மறப்பார்கள். மறந்தால் பெட்டியின் 230 வோல்ட் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறினால் அடுத்த பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் அங்கே இருப்பார். மெயினை மறக்காவிட்டாலும், சுவரிலிருந்து உருவிய பிளக்கின் பித்தளைப் பின்கள் கையருகே வெறுமையாக, கரண்ட்டோடு இருக்கும். ஈபி கரண்ட் திரும்பி வந்து மோதினால் பெட்டியின் இன்வெர்ட்டர் அந்த நொடியே போய்விடும். ஃபேன், லைட் ஒயரிங்கில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் டபுள் போல் சேஞ்ச் ஓவர் சுவிட்சை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் போட வேண்டும். அதற்கு முன், உங்கள் பெட்டியின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

டெஸ்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். பெட்டியின் சாக்கெட்டில் இரண்டு ஓட்டையிலும் மங்கலாக எரியும். பழுது இல்லை. ஈபி லைனில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கும், அதனால் ஒரு பக்கம்தான் எரியும். இந்தப் பெட்டிகள் பலவற்றில் இரண்டு முனையுமே எர்த்தோடு சேராமல் மிதக்கின்றன. அதனால் இதில் நியூட்ரல் என்று நம்பித் தொடக்கூடிய முனை எதுவும் கிடையாது. கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும், வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபியும் இந்தச் சாக்கெட்டில் சொருகிய சாமானுக்குக் காவல் நிற்காது. ஈரக் கையோடு போகாதீர்கள்.

சார்ஜ் போடுவதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். வேகச் சார்ஜ் 1,200 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் சொச்சம், சாயங்கால லோ வோல்டேஜில் 180க்கு இறங்கினால் 6.7 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டிலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் போட்டால் பிளக் பழுப்பேறி, பிளாஸ்டிக் நாற்றம் வந்து, கடைசியில் உருகும். ஏசிக்குப் போட்ட 16 ஆம்பியர் சாக்கெட்டில் போடுங்கள், அல்லது சார்ஜ் வேகத்தை 300, 400 வாட்டுக்குக் குறைத்து வையுங்கள். ஃபிளாட்டில் பொது ஜெனரேட்டர் ஓடும்போது சார்ஜ் போடுபவர்களுக்கும் இதே வழிதான். வீட்டுக்கு இவ்வளவு வாட் என்று அளந்துதான் அங்கே கரண்ட் கொடுப்பார்கள், வேகச் சார்ஜில் உங்கள் வீட்டு லைனே ட்ரிப் ஆகும்.

சோலார் பேனல் சேர்க்கும்போது பெட்டியின் சோலார் முனைக்கு அதிகபட்ச வோல்ட் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. 28 வோல்ட் தாங்கும் முனையில் 22 வோல்ட் பேனல் இரண்டைத் தொடராக இணைத்தால் 44 வோல்ட் போய் உள்ளே எரிந்துவிடும். பக்க இணைப்பில் (பேரலல்) தான் கொடுக்க வேண்டும். 100 வாட் பேனலில் நல்ல வெயிலிலும் 70 வாட் கிடைத்தால் திருப்தி. புயலுக்கு மறுநாள் மேக மூட்டத்தில் அதுவும் கிடைக்காது. பேனல்தான் வெயிலில் இருக்க வேண்டும், பெட்டி நிழலில். மொட்டை மாடித் தளத்தில் வைத்தால் 45 டிகிரியைத் தாண்டியதும் சார்ஜ் ஏறுவதை அதுவே நிறுத்திக்கொள்ளும்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்பவர்களுக்கு: அங்கே விற்பது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஃபேனும் ஃபிரிட்ஜும் அதில் ஓடாது. அதைவிட, 160 வாட் ஹவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் செக்-இன் லக்கேஜிலும் கொண்டுவர முடியாது. விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

வாங்கிய வாரத்திலேயே ஒரு சோதனை செய்யுங்கள். முழுச் சார்ஜ் ஏற்றி, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் போட்டு நேரம் குறியுங்கள். 1,024 வாட் ஹவர் பெட்டி எட்டு மணி நேரமாவது எரிக்க வேண்டும். ஏழு மணி நேரத்தைத் தொடவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள். எல்எஃப்பி பெட்டியில் 20 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று அணைவது வேறு கதை. அந்த செல்லில் வோல்டேஜ் கடைசிவரை ஒரே மட்டத்தில் நிற்பதால் மீட்டர் கணக்கு தவறுகிறது. ஒருமுறை முழுக்க இறக்கி, இடையில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றினால் சரியாகும்.

சும்மா வைக்கும் மாதங்களில் பாதிச் சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பரணில் பூஜ்யத்தில் கிடந்த பெட்டி அப்புறம் விழிக்காமலே போகலாம். புயல் எச்சரிக்கை வந்த அன்றே 100க்கு ஏற்றிவிடுங்கள். தண்ணீர் ஏறும் தெருக்களில் கரண்ட்டை முன்னெச்சரிக்கையாக ஈபிக்காரர்களே நிறுத்திவிடுவார்கள். தரைத்தள வீடு என்றால் பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரமான, உறுதியான மேசை மேல் வையுங்கள். கேஸ் சிலிண்டர் பக்கத்திலும், வெளியேற ஒரே வழியான வாசலிலும் வேண்டாம்.

அப்படியும் தண்ணீரில் முங்கிவிட்டால் வெயிலில் காயவைத்து ஆன் செய்து பார்க்காதீர்கள். உள்ளே போன சேற்றுத் தண்ணீர் செல் முனைகளுக்கு நடுவே உப்பாகப் படிந்து, சில நாள் கழித்துக்கூட ஷார்ட் ஆக்கும். எதையும் சொருகாமல், வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய சாமான் இல்லாத திறந்த இடத்தில் வைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள். பெட்டி உப்பினாலோ, நெயில் பாலிஷ் போல ஒரு வாடை வந்தாலோ, உஸ் என்று சத்தம் கேட்டாலோ கிட்டே போகாமல் 101க்கு அழையுங்கள்.