டைமெத்திகோனுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றுபவர்களுக்கு

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கமிருந்து என் தோல் சிகிச்சையகத்துக்கு வரும் இளம்பெண்களின் நெற்றியில், முடி தொடங்கும் விளிம்பை ஒட்டிப் பொடிப்பொடியாகப் பருக்கள் தெரிந்தால், வீட்டில் முடிக்குத் தடவும் சீரம் தயாரித்தீர்களா என்பதே இப்போதெல்லாம் என் முதல் கேள்வி. செய்முறையில் டைமெத்திகோன் (ஒருவகைச் சிலிக்கோன் எண்ணெய்) என்று இருந்தது, அது கெமிக்கல், அதனால் அதே அளவுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றினோம் என்ற விடையைக் கேட்டுச் சலித்துவிட்டேன். சென்ற வாரம் வந்தவருக்கு அடுத்த மாதம் திருமணம்.

சிலிக்கோன் துளைகளை அடைத்துத் தோலை மூச்சுவிடாமல் செய்துவிடும் என்ற நம்பிக்கையை யார் பரப்பினார்களோ தெரியவில்லை. மூச்சு விடுவது நுரையீரலின் வேலை. டைமெத்திகோனின் மூலக்கூறுகள் பெரியவை என்பதால் அவை தோலுக்குள் புகுவதில்லை. மேலே மெல்லிய படலமாக நிற்கின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை 1 முதல் 30 சதவீதம் வரை தோல் பாதுகாப்புப் பொருளாக ஏற்றிருக்கிறது. வயிற்று உப்புசத்துக்குக் குழந்தைகளுக்கு நாம் தயங்காமல் கொடுக்கும் சொட்டு மருந்திலுள்ள சிமெத்திகோன், அதே டைமெத்திகோனுடன் சிலிக்கா சேர்ந்ததுதான். ஐரோப்பாவில் 2020 முதல் கழுவிவிடும் பொருட்களில் டி4, டி5 என்னும் வளையச் சிலிக்கோன்களுக்குக் கட்டுப்பாடு வந்தது உண்மை. ஆனால் அவை நீர்நிலைகளில் சிதையாமல் தங்குகின்றன என்பதே அதற்குக் காரணம், பரு அல்ல.

தேங்காய் எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. குளிப்பதற்கு முன் தடவினால் அது முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கும். சிலிக்கோனோ வெளியே நின்று வழவழப்பைத் தரும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. மேலும், பொடுகோடு தொடர்புடைய மலசீசியா பூஞ்சைக்குத் தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்கள் உணவாகலாம், டைமெத்திகோன் ஆகாது. காசிமேட்டுக் கடற்காற்றின் புழுக்கத்தில் அந்த எண்ணெய் நாள் முழுவதும் நெற்றியில் வழிந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதைவிட மோசமானது, பாரிமுனையில் லேபிள் இல்லாத புட்டியில் வாங்கிய தொழிற்சாலைத் தரச் சிலிக்கோன் எண்ணெயை முகத்தில் பூசுவது. அது அச்சுகளுக்கும் துணிகளுக்கும் உரியது; அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. சிலிக்கோனுக்குப் பதிலாக ஆளிவிதை ஜெல் செய்பவர்கள், பதப்படுத்தும் பொருள் இல்லாத அது குளிர்பெட்டியில் வைத்தாலும் சில நாட்களில் கெட்டுவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சிலிக்கோன் வேண்டாம் என்றால் தாராளமாக விடுங்கள். சீரத்துக்கு ஸ்குவாலேன் என்னும் லேசான எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு போதும், அதுவும் முடி நுனிக்கு மட்டும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரால் முடி சொரசொரப்பாகிறது என்றால், கடைசியாக ஒரு குவளை மெட்ரோ தண்ணீர் ஊற்றி அலசிப் பாருங்கள். சன்ஸ்கிரீனை மட்டும் வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். அதன் செய்முறையிலுள்ள சிலிக்கோனை மாற்றினால், வெயிலைத் தடுக்கும் தூளான ஜிங்க் ஆக்சைடு கட்டிகட்டியாகி, பூசிய இடத்திலும் பாதுகாப்பு சீராக இல்லாமல் போகலாம். ஏற்கெனவே பரு வந்துவிட்டதென்றால் சீரத்தை இன்றே நிறுத்திவிட்டு, அந்தப் புட்டியையும் செய்முறையையும் கையோடு எடுத்து வாருங்கள், திட்டமாட்டேன்.