கட்டிலில கிடந்தா கால் ஏன் மெலியுது?

எங்கட வன்னிப் பக்கம் ஒருத்தர் ஆசுப்பத்திரியில துண்டு வெட்டி வீட்டை வந்தா பாக்க வாற சனம் முழுக்க ஹோர்லிக்ஸ் போத்தலோட சேத்து ஒரு புத்திமதியும் கொண்டு வருவினம், "அசையாமக் கிடவுங்கோ ஐயா, ஒண்டுக்கும் எழும்பாதேங்கோ" எண்டு. மருமகள் தேத்தண்ணிய கட்டிலடிக்கே கொண்டந்து குடுக்கும், பேரன் செருப்பை எடுத்து வைப்பான், எல்லாம் அன்பிலதான். மூண்டு கிழமை போக காய்ச்சல் மாறியிருக்கும் ஆனா ஐயா கிணத்தடிக்குப் போறதெண்டா ஒராள் கையப் பிடிக்கோணும். வயசு போட்டுது எண்டு கதைய முடிச்சிடுவினம். பாதிப் பழியாவது கட்டிலுக்குப் போகோணும் எண்டதுதான் என்ர கதை.

1966ல அமெரிக்காவில டலஸ்ல 20 வயசுப் பொடியள் 5 பேரை, நல்ல சுகதேகிகள், 3 கிழமை கட்டிலிலயே கிடக்க விட்டுப் பாத்தவை. உடம்பு உச்சமா வேலை செய்யேக்க எவ்வளவு ஒக்சிசனை எடுத்துப் பாவிக்கும் எண்டு அளந்தா அது கால்வாசிக்கு மேல இறங்கிப் போச்சுது. இதில விசேசம் என்னெண்டா 30 வருசம் கழிச்சு அதே 5 பேரையும் திரும்பக் கூப்பிட்டு அளந்தவை. 30 வருச வயசு குறைச்சதைவிட அந்த 3 கிழமைக் கட்டில் குறைச்சது கூடவா இருந்துது! பிறகு ஒரு 6 மாசம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் எண்டு படிப்படியா செய்விச்சா, வயசால போனது திரும்பி வந்திட்டுது. வயசான ஆக்களில கட்டில் இன்னும் மோசம். 60 தாண்டின சுகதேகிகளை 10 நாள் கிடத்திப் பாத்ததில ரெண்டு காலிலயும் சேத்து கிட்டத்தட்ட 1 கிலோ தசை கரைஞ்சிருக்கு, வருத்தம் எதுவும் இல்லாமலே.

ஏன் இப்பிடி எண்டா, தசையில இருக்கிற புரதம் நாள் முழுக்க உடைஞ்சு உடைஞ்சு திரும்பக் கட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். கட்டுறது கூடவா உடைக்கிறது கூடவா எண்டதை தீர்மானிக்கிற பெரிய சாமான் பாரம். கால் உடம்பைத் தூக்கேக்க தசைநார் இழுபடுறதை கலத்துக்குள்ள இருக்கிற உணரிகள் பிடிச்சு கட்டுற வேலையத் தொடக்கும், நாருக்கு ஒட்டினபடி நித்திரையில கிடக்கிற குருத்துக் கலங்களும் எழும்பி வந்து திருத்த வேலைக்கு உதவும். பாரம் இல்லாட்டி உதெல்லாம் மந்தமாகிடும், உடைக்கிற வேலை நிக்காம ஓடும். வயசு போகப் போக அதே பாரத்துக்கும் அதே சாப்பாட்டுக்கும் கட்டுற வேலை கொஞ்சம் மந்தமாகுது, அதால வயசான ஆக்களுக்கு புரதம் கூடத்தான் வேணும், ஆனா எங்கட வீடுகளில அம்மம்மாவுக்கு இரவில தேத்தண்ணியும் ரெண்டு பிஸ்கட்டும் எண்டு முடிச்சிடுவினம். முட்டை, மீன், பருப்பு, கௌப்பி இதுகள் பெடியளுக்கு மட்டும் எண்டு ஆர் சொன்னது?

தசை மட்டும் கதையில்லை. முள்ளந்தண்டுக்குள்ள இருக்கிற ஒரு நரம்புக் கலம் தொடையில நூற்றுக்கணக்கான தசைநார்களை ஒண்டா இயக்கும். 60க்குப் பிறகு இந்த நரம்புக் கலங்கள் கனக்கச் சாகத் தொடங்கும், அதுகளிட்ட இருந்த நார்கள் தாயில்லாப் பிள்ளையள் மாதிரி நிக்கும், பக்கத்து நரம்பு கிளை விட்டு கொஞ்சத்தை எடுத்து வளர்க்கும், மிச்சம் செத்துப்போகும். இதில கூட அடிபடுறது வேகமா இயங்கிற நார்கள். கிணத்தடிச் சீமெந்தில பாசியில கால் சறுக்கினா மற்றக் காலை கண்மூடித் திறக்கிறதுக்குள்ள எடுத்து ஊண்டோணும், அதுக்குத் தேவையானது அந்த வேக நார்தான். அது குறைஞ்ச ஆள் விழுவார், தொடையெலும்பு முறியும், பிறகு திரும்பவும் கட்டில்.

நல்ல செய்தியும் நரம்பிலதான் இருக்கு. பயிற்சி தொடங்கி முதல் சில கிழமையில பலம் கூடும் ஆனா தசை பருத்திருக்காது, மூளை கூட நார்களை ஒரேயடியாக் கூப்பிடப் பழகினதாலதான் அந்தப் பலம். 1990ல பொஸ்ரன்ல முதியோர் இல்லம் ஒண்டில 90 வயசு மட்டில உள்ள 10 பேருக்கு 8 கிழமை பாரம் தூக்கிற பயிற்சி குடுத்தவை, அதுவும் பஞ்சி பஞ்சியா இல்லை, தூக்கக்கூடிய உச்சப் பாரத்தின்ர 80 வீதம் வரைக்கும். முடிச்ச ஆக்களின்ர தொடைப் பலம் சராசரியா 174 வீதம் கூடிச்சுது, அதாவது முந்தினதைவிட ரெண்டே முக்கால் மடங்கு.

"நாங்கள் வயல்வேலை செய்யிற சனம், எங்களுக்கு என்னத்துக்கு உந்த எக்சர்சைஸ்" எண்டு கேக்கிறவை இருக்கினம். நியாயந்தான், ஆனா அரிவி வெட்டும் சூடடிப்பும் கையால நடந்த காலம் போய் இப்ப வெட்டுமிசின் வந்து போகும், களைக்கு மருந்து அடிக்கிறது, கடைக்குப் போக மோட்டச்சைக்கிள். காலபோகம் முடிஞ்சு இரணைமடுக் குளத்துத் தண்ணி எல்லாற்ற வயலுக்கும் சிறுபோகத்துக்கு வராது, வராத வருசம் மாசக்கணக்கில சும்மா. மிச்சமிருக்கிற வேலையும் நாரியைக் குனிஞ்சு குனிஞ்சு ஒரே அளவில செய்யிறது, அது களைப்பைத் தரும், பலம் கூடுறதுக்கு பாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏறோணும். பிள்ளையளைப் பற்றிச் சுருக்கமா: எலும்பு 20களின்ர கடைசிக்குள்ள சேத்து வைக்கிறதுதான் பிறகு கடைசிவரைக்கும் செலவழிக்கிற சேமிப்பு, அதைச் சேக்கிறது ஓட்டமும் பாய்ச்சலும், ரியூசன் இல்லை. ஒரு நாளைக்கு 60 நிமிசம் எண்டுது உலக சுகாதார நிறுவனம்.

பெரியாக்களுக்கு அவை 2020ல சொன்னது கிழமைக்கு 150 நிமிசமாவது மூச்சு கொஞ்சம் வாங்கிற அசைவு, அதோட 2 நாள் தசைக்கு. ஜிம் ஒண்டும் தேவையில்லை. கையூண்டாம கதிரையில இருந்து எழும்பி இருக்கிறது, பழைய சைக்கிள் ரியூப்பைக் கட்டி இழுக்கிறது, தண்ணிப் போத்தல். கடைசி ரெண்டு மூண்டு தரம் கஸ்ரமா இருந்தாத்தான் கணக்கு, லேசாகிட்டா கூட்டோணும். நெஞ்சு வருத்தம், புது முறிவு இருக்கிற ஆக்கள் டொக்டரையோ பிசியோவையோ கேட்டிட்டுத் தொடங்குங்கோ. பாரிசவாதம் வந்த ஆக்களுக்கும் இதே விதிதான், ஏலாத கைய விட்டிட்டு நல்ல கையாலயே எல்லாம் செய்தா மூளை அந்தக் கைய மறக்கப் பழகிடும், அதால சிலருக்கு நல்ல கைக்கு உறை போட்டுக் கட்டி ஏலாத கையால வேலை வாங்கிற சிகிச்சையே இருக்கு.

இனி வன்னியில கனபேருக்கு சம்பந்தமானது. 2009ல சண்டையில 20 வயசில கால் போனவை இப்ப 40ஐ நெருங்கினம். அந்த நேரம் புண் ஆறட்டும் எண்டு வெட்டின காலுக்குக் கீழ தலகணி வச்சு விட்ட ஆக்களை யோசிச்சுப் பாருங்கோ, சுகமாத்தான் இருக்கும், ஆனா முழங்காலோ இடுப்போ மடங்கின நிலையிலயே தசை சுருங்கி இறுகிடும், பிறகு பொய்க்கால் போட்டாலும் நேரா நிமிந்து நடக்கேலாது. குப்புறப் படுங்கோ எண்டு பிசியோ கத்திறது அதுக்குத்தான். 1968ல இந்தியாவில செய்த ஜெய்ப்பூர் கால் றப்பர்ப் பாதம், செருப்பில்லாம நடக்கலாம், குந்தலாம், வயல் சேத்துக்குள்ளயும் இறங்கலாம், எங்கட ஆக்களுக்குப் பொருந்தினதே அதாலதான். ஆனா முழங்காலுக்குக் கீழ போன ஆளுக்கு அதே தூரம் நடக்க கால்வாசி மட்டில சக்தி கூடப் போகும், மேல போனவருக்கு பாதிக்கும் மேல. அதால மெல்ல மெல்ல நடையக் குறைப்பினம், நிறை கூடும். அவைக்கு வயசோட வாற பெரிய பிரச்சினை நல்ல கால், அந்த முழங்கால்தான் எல்லாப் பாரத்தையும் தாங்கி முதல்ல தேயும். வெட்டின காலின்ர இடுப்புத் தசைய, முக்கியமா பக்கவாட்டில தூக்கிற தசையப் பலப்படுத்தினா நடை ரெண்டு பக்கமும் சமனாகி நல்ல முழங்காலுக்குச் சுமை குறையும். காலம் போக வெட்டின கால் மெலிஞ்சு சொக்கற், அதாவது பொய்க்கால்ல வெட்டின கால் நுழையிற கூடு, லூசாகும், சொக்ஸ் மேல சொக்ஸ் போட்டு இழுக்கிறது கொஞ்ச நாளைக்குச் சரி, அதுக்குப் பிறகு போய்ப் புதுசா அளவு குடுங்கோ.