வாக்கு எல்லோருக்கும், பாஸ்வேர்ட் ஒருவருக்கு மட்டும்

தொழிலாளர்களே உரிமையாளர்களாக நடத்தும் ஒரு கூட்டுறவு நிறுவனத்திலிருந்து மறுபடியும் அதே அழைப்பு. சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த உறுப்பினர் மனக்கசப்பில் விலகிவிட்டார். டொமைன், அதாவது இணைய முகவரி, அவர் பெயரில். சர்வரை முழுதாகத் திறக்கும் ரூட் பாஸ்வேர்ட் அவரிடம். பேக்கப் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியுமாம். கணக்குவழக்கு, உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்புகள் எல்லாமே அந்தச் சர்வரில் ஓடும் நெக்ஸ்ட்கிளவுடில், அதாவது கோப்புகளைச் சேமித்துப் பகிரும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில், மாட்டிக்கொண்டு நிற்கின்றன. கூடவே அந்தக் கேள்வி: “ஓப்பன் சோர்ஸ்தானே, நம்முடையதுதானே, எடுத்துவிடலாம் இல்லையா?”

முடியாது. இதை எத்தனை முறை சொல்வது என்று தெரியவில்லை. நெக்ஸ்ட்கிளவுடின் ஏஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமம் தருவது நிரலை இயக்க, படிக்க, மாற்ற, பகிர்ந்துகொள்ள உள்ள உரிமை. உங்கள் தரவு யார் கையில் இருக்கிறது, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதில் அது தலையிடுவதே இல்லை. அதே மென்பொருளை இன்று மாலையே புதிதாக நிறுவிக்கொள்ளலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.

“ஓப்பன் சோர்ஸ் என்றால் முதலாளியே கிடையாது” என்றும் ஒரு நம்பிக்கை. சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம், 2023 ஆகஸ்டில் அதன் உரிமத்தை ஓப்பன் சோர்ஸ் அல்லாத ஒன்றாக மாற்றியது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிறுவனமும் அப்படியே மாற்றியது. நிரல் எழுதித் தந்த வெளியாட்களிடம் யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. பழைய உரிமத்தில் வெளியான நிரலை எடுத்துக்கொண்டு டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு, ரெடிஸிலிருந்து வால்கீ என்று தனித் திட்டங்களாகப் பிரிந்து போக முடிந்தது உண்மை. அடுத்த ஆண்டே ரெடிஸும் ஏஜிபிஎல்லைச் சேர்த்துக்கொண்டது. பிரிந்து போகும் உரிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வால்கீக்குப் பின்னால் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களைத் தாங்கும் லினக்ஸ் ஃபவுண்டேஷனும் பெரிய கிளவுட் கம்பெனிகளும் நின்றன. பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுக்கு யார் வந்து நிற்பார்?

உரிமையாளர் யார் என்பதைக் கூட்டுறவின் துணைவிதிகள் முடிவுசெய்கின்றன, உரிமம் அல்ல. ஸ்பெயினின் கலீசியாவில் 2001இல் தொடங்கிய இகாலியா, தொழிலாளர்களுக்கே சொந்தமான மென்பொருள் நிறுவனம். ஆனால் அவர்கள் நிரல் எழுதும் குரோமியமும் வெப்கிட்டும் (பிரவுசர்களுக்கு அடிப்படையான மென்பொருள்கள்) முறையே கூகுள், ஆப்பிள் பிடியில் இருக்கும் திட்டங்கள். சைக்கிள் டெலிவரி கூட்டுறவுகளுக்கான கூப்சைக்கிள் என்ற மென்பொருள் வேறு வழியில் போனது: வணிகப் பயன்பாடு கூட்டுறவுகளுக்கு மட்டும் என்று உரிமத்திலேயே எழுதிவிட்டது. அதனாலேயே, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று கேட்கும் சுதந்திர மென்பொருளின் வரையறைக்குள் அது வராது. (எங்கள் வட்டத்தில் இதைப் பேச ஆரம்பித்தால் அன்றைய வேலை கெட்டது.)

சரி, செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். டொமைனும் சர்வர் ஒப்பந்தமும் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். புதுப்பிப்பு அறிவிப்புகள் தனிநபர் மின்னஞ்சலுக்குப் போகக் கூடாது. பாஸ்வேர்டுகளை வால்ட்வார்டன் (பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் மென்பொருள்) மாதிரி உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ளும் பெட்டகத்தில் வையுங்கள். பெட்டகமும் அதே சர்வரில்தான் ஓடுகிறது என்றால் சர்வர் விழும்போது அதுவும் கூடவே விழும், ஆகவே ஒரு பிரதி வெளியே இருக்கட்டும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடுகளை, அதாவது ஃபோன் இல்லாமலும் உள்ளே நுழைய உதவும் குறியீடுகளை, சேமித்துவைக்க மறக்கவே மறக்காதீர்கள், பாதி வழக்குகள் ஒருவரின் தொலைந்த ஃபோனில்தான் முடிகின்றன. பேக்கப்பை வேறொரு மெஷினில் மீட்டுப் பாருங்கள். அதைச் செய்பவர் வழக்கமான நிர்வாகியாக இருக்கக் கூடாது, அவர் எழுதிவைத்த குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருவர் செய்ய வேண்டும்.

கடைசியாக, கெஞ்சியே கேட்கிறேன். சர்வர் வேலைக்கும் ஊதியம் கணக்கிடுங்கள். மற்ற எல்லா வேலைக்கும் மணிக்கணக்கு எழுதிவிட்டு, நடுராத்திரியில் அப்டேட் போடுபவரை மட்டும் ஆர்வத்தில் செய்கிறார் என்று விட்டுவிடுகிறீர்கள். அவர் சலித்துப்போய் விலகும்போது சாவியைப் பதுக்கிவிட்டார் என்று பழிக்கிறீர்கள். நான் பார்த்தவரை பெரும்பாலோர் ஒப்படைக்கத் தயாராகவே இருந்தார்கள். வாங்கிக்கொள்ள உட்கார்ந்தவர்தான் யாருமில்லை. அடுத்த பொதுக்குழுவில் இன்னொருவரை அந்தப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுங்கள், பழையவர் இருக்கும்போதே.