பட்டர்பிங்கர்ஸ்: வெண்ணெய் விரலா, வழுக்குக்கையா?

எதைப் பிடித்தாலும் கீழே போட்டுவிடுகிறவரை ஆங்கிலத்தில் பட்டர்பிங்கர்ஸ் என்பார்கள். ஒரே ஆளைச் சொன்னாலும் கடைசியில் அந்த 'ஸ்' நிற்கும். கால் இடறி விழுகிறவருக்கோ, முழங்கை பட்டுப் பூச்சாடியைத் தட்டிவிடுகிறவருக்கோ இது பொருந்தாது. கைக்கு வந்த பொருள் கையை விட்டு நழுவினால் மட்டுமே இந்தச் சொல். தமிழாக்கும்போது முதலில் கெட்டுப்போவது இந்த எல்லைதான்.

1920களில் அமெரிக்காவில் வந்த ஒரு சொக்லேட்டுக்கும், கடைசி 'ஸ்' இல்லாமல், பட்டர்பிங்கர் என்று பெயர் உண்டு. சொல் அதைவிட மிகப் பழையது. 1615இல் ஜேர்வஸ் மார்க்கம் ஆங்கில இல்லத்தரசிகளுக்காக எழுதிய நூலில், சமைப்பவள் வெண்ணெய் விரல்காரியாக இருக்கக் கூடாது என்கிறார். அப்படிப்பட்டவள் எல்லாவற்றையும் விழவிடுவாள் என்று காரணமும் சொல்கிறார். ஆக, அடுப்படியில் புழங்கிய சொல் இது. 1836–37இல் வெளிவந்த சார்ள்ஸ் டிக்கன்ஸின் பிக்விக் நாவலில் அது கிரிக்கெட் திடலில் நிற்கிறது: பிடியைத் தவறவிட்ட களத்தடுப்பாளரைப் பார்வையாளர் ஒருவர் அப்படித்தான் ஏசுகிறார்.

இதை 'வெண்ணெய் விரலன்' என்று எழுதினால் என்ன பிழை? தமிழில் வெண்ணெய்க்கு வேறு வேலைகள் ஏற்கெனவே உண்டு. 'வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை' கடைசி நேரத்தில் காரியம் கெடுவதைச் சொல்லும். கடைந்தவளின் கையை அது குறை சொல்லாது. 'வெண்ணெய்வெட்டி' என்றால் மொட்டைக் கத்தி, அல்லது ஒன்றுக்கும் உதவாதவன். ஆகவே வெண்ணெய் என்றதும் தமிழ்க் காதுக்கு வழுக்கல் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்துக் குசினியில் கையை வழுக்க வைப்பது எண்ணெய்தான். வடை தட்டிய கையைத் துடைக்காமல் நல்லெண்ணெய்ப் போத்தலைத் தூக்கிப் பாருங்கள்: கண்ணாடிக்கும் விரல்ரேகைக்கும் நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் புகுந்துவிடும், உராய்வு குறைந்துவிடும், இறுக்கிப் பிடித்தாலும் போத்தல் கீழே நழுவப் பார்க்கும்.

'ஓட்டைக்கை' என்ற சொல்லும் கைகொடுக்காது, அது காசை இறைப்பவருக்கு உரியது. 'அவளின்ர கையில ஒண்டும் நிக்காது' என்றாலும் கேட்பவர் காசையே நினைப்பார்.

'வழுக்குக்கை' என்பதே பொருத்தம் என்பது என் முடிவு. ஆணுக்கு வழுக்குக்கையன், பெண்ணுக்கு வழுக்குக்கைக்காரி. கோயில் திருவிழா வழுக்குமரம் ஏறிப் பார்த்த ஊருக்கு விளக்கம் தேவையில்லை. இடக்கையன் என்ற சொல்லின் அமைப்பும் இதற்கு வழிவிடுகிறது. 'உந்த வழுக்குக்கையனிட்டைக் கோப்பையைக் குடுக்காதை' என்று சொல்லிப் பார்த்தால் வாயில் இடறாது.

சொல்லின் கேலித் தொனியையும் கவனிக்க வேண்டும். ஒருநாள் கைதவறிய விருந்தாளிக்கு 'கை சறுக்கிப் போச்சு' என்பதே மரியாதை. யாழ்ப்பாணப் பாடசாலைகள் இரண்டு மோதும் 'வடக்கின் போர்' கிரிக்கெட் ஆட்டச் செய்தியில் ஒரு மாணவனை வழுக்குக்கையன் என்று எழுதக் கூடாது. 'பிடியைத் தவறவிட்டார்' என்றால் போதும். கொட்டகையில் இருந்து கூட்டாளிகள் கத்துவதை மேற்கோளாகப் போடும்போது மட்டும் வழுக்குக்கையன் வரலாம்.