மணலுண்ணி என்னும் பிழைப் பெயரும் மணல்சலி உழுவையும்

வீட்டில் பவளத் தொட்டி, அதாவது கடல்நீரில் பவளமும் மீனும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, வைத்திருப்பவர்கள் தமிழில் பேசும்போது ‘மணலுண்ணி மீன்’ என்ற பெயர் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. ‘மணல் தின்னி’ என்பவர்களும் உண்டு. கடைகளிலும் அப்படியே சொல்லி விற்கிறார்கள். ஆங்கிலத்தில் சாண்ட் சிஃப்டிங் கோபி எனப்படும் மீனுக்கு இட்ட பெயர் இது. கேட்கக் கேட்கப் பொறுக்கவில்லை. நடை சரியில்லை என்பதோடு முடிகிற குறையாக இருந்தால் விட்டுவிடலாம். இந்தப் பெயரை நம்பி வளர்க்கப்படும் மீன் பட்டினியில் சாகிறது.

ஆங்கிலப் பெயரில் சிக்கல் ஏதும் இல்லை. சிஃப்ட் என்றால் சலிப்பது. சல்லடையைக் குறிக்கும் சீவ் என்ற சொல்லுக்கு உறவு. கோபி என்பது கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியே வந்த மீன்பெயர். தொட்டிக்காரர்கள் அந்தப் பெயரால் வாங்குவது பெரும்பாலும் வேலன்சியென்னியா என்ற பேரினத்து மீன்களை. பிரெஞ்சு இயற்கையியலாளர் கூவியேவின் பெரும் மீன்நூலை அவர் மறைவுக்குப் பிறகு தொடர்ந்து எழுதிய பிரெஞ்சு விலங்கியலாளர் அஷில் வலன்சியென் நினைவாக, 1856இல் டச்சு மீனியலாளர் பிளீக்கர் வைத்த பெயர் அது. ஆரஞ்சுப் புள்ளிகள் கொண்ட புவெல்லாரிஸ், மஞ்சள் தலையும் கண்ணுக்குக் கீழே நீலக் கோடும் கொண்ட ஸ்ட்ரிகாட்டா, இவை இரண்டுந்தான் தொட்டிகளில் அதிகம்.

இந்த மீன் செய்வது இதுதான்: தலையைக் குப்புறச் சாய்த்து வாய் நிறைய மணலை அள்ளுகிறது. மணல் வாய்க்குள் புரள்கிறது. செவுள் வளைவுகளின் உட்பக்கம் இருக்கும் சிறு முட்கள் அதிலுள்ள நுண்புழுக்களையும் இறால் குலத்துச் சிற்றுயிர்களையும் தடுத்து நிறுத்துகின்றன. இரை தொண்டைக்குள் போகிறது. மணல் செவுள் திறப்பு வழியே இரண்டு பக்கமும் கொட்டுகிறது. உடனே அடுத்த வாய். விழித்திருக்கும் நேரமெல்லாம் இதே வேலை. மணல் அதற்கு உணவாவதில்லை; இரை ஒளிந்திருக்கும் இடம், அவ்வளவுதான்.

இப்போது ‘உண்ணி’யைப் பாருங்கள். தாவர உண்ணி என்றால் அதன் உணவு தாவரம். ஊனுண்ணி என்றால் ஊன். பள்ளிப் பாடநூல் தொடங்கி எல்லா இடத்திலும் ‘உண்ணி’க்கு முன்னால் நிற்பது உணவின் பெயர்தான். அந்த வரிசையில் மணலுண்ணி என்று வைத்தால், இந்த மீனுக்கு மணலே சாப்பாடு என்றுதான் தமிழறிந்த எவரும் கொள்வார்கள். கொள்கிறார்கள். தொட்டியில்தான் வேண்டிய மட்டும் மணல் கிடக்கிறதே, தனியாகத் தீனி எதற்கு? மீன் வந்த சில நாட்களில் மணல்மேல் படிந்திருந்த பழுப்புப் படலம் மறைந்து, தரை வெள்ளை வெளேரென்று ஆகிறது. பெயரும் பொருந்துகிறது, கண்ணும் நம்புகிறது. ஆனால் அந்தப் படலம் பெரும்பாலும் டயட்டம் என்னும் நுண்பாசி. மீன் மணலைப் புரட்டிப் புரட்டிப் போடுவதால் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதற்குள் மணலிலிருந்த சிற்றுயிர்கள் தீர்ந்துவிடுகின்றன. தரை மின்னிக்கொண்டிருக்கும்போதே மீனின் வயிறு ஒட்டத் தொடங்குகிறது. மீனோ ஓயாமல் மணலை மென்றுகொண்டேயிருக்கும். பார்ப்பவருக்கு அது வயிறாரத் தின்பதாகவே தோன்றும். பசியால் அது கூடுதலாகச் சலிக்கிறது என்று ‘மணலுண்ணி’ என்ற பெயரைக் கேட்டவருக்கு எப்படித் தோன்றும்?

நாள் செல்லாத சிறு தொட்டியில் இந்த மீனைக் காப்பாற்றுவது கடினம். ஊறிப் பழுத்த, அகலமான மணல்தரை வேண்டும். அதன்மேல் மைசிஸ் இறால், சத்தூட்டிய ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிர் என்று நாளுக்கு இரண்டு மூன்று வேளை, தரையை எட்டும்படி தீனி போட வேண்டும். இதில் ஒரு சொல்கூட ‘மணலுண்ணி’ என்ற பெயரிலிருந்து கிடைக்காது.

மணலை உண்மையிலேயே விழுங்கும் உயிர்கள் வேறு இருக்கின்றன என்பது என் அடுத்த முறையீடு. மன்னார் வளைகுடாவில் முன்பு முத்தெடுத்தோருக்கும் மீன்பிடிப்போருக்கும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கடல் அட்டை மணலை வாய்வழி உட்கொண்டு, அதிலுள்ள சத்தைக் குடலில் எடுத்துக்கொண்டு, மீதியைப் பின்வழியே கோத்த மணிபோல வெளியேற்றுகிறது. கிளிமீன் பவளப்பாறையைக் கொறித்து, மணலாகக் கழிக்கிறது. இவற்றின் குடல் வழியே மணல் போகிறது. மணலுண்ணி என்ற பெயரை யாருக்காவது கொடுத்தே தீரவேண்டுமென்றால் கடல் அட்டைக்குக் கொடுக்கலாம். குடலுக்கே மணலை விடாத மீனுக்கு அதைக் கொடுத்துவிட்டு, நாளை அட்டையைப் பற்றி எழுதும்போது என்ன செய்வார்கள்?

‘மணல் வடிகட்டி மீன்’ என்றும் ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். மணல் வடிகட்டி என்றால் மணலால் நீரை வடிகட்டும் கருவி. குடிநீர் நிலையங்களில் அதே பெயரில் இருக்கிறது. வடிப்பது நீர்ப்பொருளை. சோற்றை வடிக்கிறோம் என்றால் கஞ்சியைப் பிரிக்கிறோம். திடப்பொருளிலிருந்து திடப்பொருளைப் பிரிக்கத் தமிழில் வேறு வினைகள் இருக்கின்றன, அதுவும் ஒன்றிரண்டல்ல: சலித்தல், அரித்தல், புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல். இத்தனையும் வீட்டுச் சமையலறையிலும் களத்துமேட்டிலும் இருக்க, உண்ணி, வடிகட்டி என்று தேடிப் போவதுதான் எனக்குத் தாளவில்லை.

இவற்றுள் புடைத்தலும் கொழித்தலும் முறத்தின் வேலை. காற்றும் கையசைவும் வேண்டும், மீனுக்கு ஒட்டாது. அரித்தல் மிக நெருங்கி வருகிறது. நீருக்குள் அசைத்துப் பிரிப்பதற்கு அதுதான் சொல். அரிசியில் கல் அரிக்கிறோம். நகைப்பட்டறை வாசல் மண்ணை அரித்துப் பொன்துகள் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மலையாளத்தில் சல்லடைக்கே அரிப்ப என்றுதான் பெயர். மீன் செய்வதும் நீருக்குள்தான். இருந்தும் நான் அதைத் தள்ளிவைப்பேன். மணல் அரிப்பு, மண்ணரிப்பு என்றால் கடலும் ஆறும் கரையைத் தின்பது என்ற பொருள் இன்று ஊன்றிவிட்டது. ‘மணல் அரிக்கும் மீன்’ என்று படிப்பவர் கரை கரைவதை நினைப்பார். தெளிவு கெடும் இடத்தில் அழகான சொல்லையும் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

ஆகவே சலித்தல். இது வடமொழிச் ‘சலனம்’ என்று தனித்தமிழ் அன்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அசைவதைக் குறிக்கும் சலித்தலுக்கு அது பொருந்தலாம். மாவு சலிப்பது வேறு சொல்: அதற்குத் தெலுங்கில் ஜல்லிஞ்சு, சல்லடைக்கு ஜல்லெட. கன்னடத்தில் சல்லடை ஜரடி. அண்டை வீடுகளில் இத்தனை உறவு இருக்கும் சொல்லை அயலென்று விரட்டுவதற்கு நான் உடன்படமாட்டேன். ஆனால் ‘மணல் சலிப்பான்’ என்று ஆக்கிவிடாதீர்கள். ‘சலிப்பு’ என்றதும் அலுப்புத்தான் முன்வந்து நிற்கும். வினைத்தொகையாக ‘மணல்சலி’ என்று நிறுத்தினால் அந்தக் குழப்பம் இல்லை, சொல்லும் சுருங்குகிறது. பேச்சில் ‘மணல் சலிக்கும் மீன்’ என்றாலே போதும்.

கோபி என்ற பகுதிக்கு நாம் எங்கும் அலைய வேண்டாம். உழுவை என்று மீனவர்கள் எப்போதோ வைத்துவிட்டார்கள். ஏரியிலும் ஆற்றிலும் அகப்படும் உழுவை இந்தக் கோபிக் குடும்பந்தான். சங்கப் பாடல்களில் உழுவை என்றால் புலி என்பதால் தயங்குகிறார்களாம். மீன்கடையில் உழுவை என்று கேட்டால் யாரும் புலியைக் காட்டப்போவதில்லை. மீன்பெயரில் உழு என்ற வினை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. தரையோடு தரையாக வாழும் மீனுக்கு, அதிலும் நாளெல்லாம் மணலைக் கிளறும் இந்த மீனுக்கு, இதைவிடப் பொருத்தமான பெயரை அறையில் உட்கார்ந்து யாரும் ஆக்கிவிட முடியாது. மணல்சலி உழுவை.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்கள் இதே மீனுக்கு இன்னொரு கொடுமையும் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் இதை ஸ்லீப்பர் கோபி என்றும் சொல்வதுண்டு. உடனே ‘தூங்கும் கோபி’. மற்றக் கோபிகளுக்கு வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் பெரும்பாலும் ஒட்டி ஒரு கிண்ணமாக இருக்கும். இதற்குத் தனித்தனியே இருக்கின்றன. ஸ்லீப்பர் எனப்படும், அசையாது கிடக்கும் வேறொரு குடும்பத்துக்கும் துடுப்புகள் அப்படியே பிரிந்திருக்கும். அந்த ஒற்றுமையால் முன்பு இதை அக்குடும்பத்தோடு சேர்த்து வைத்தார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. மீன் தூங்குவதே இல்லை என்று சொல்லும்படி உழைக்கிறது. ‘தூங்கும் கோபி’ என்று கேட்டு வாங்கியவர், அது பாறைக்கு அடியில் வளை தோண்டுவதையும் தாழ்வான பவளங்கள்மேல் மணலைக் கொட்டுவதையும் பார்த்து நோய் வந்துவிட்டதென்று பதறுகிறார். பாறைகளை மணல்மேல் வைக்காமல் முதலில் தொட்டியின் அடித்தளத்திலேயே அமர்த்திவிட்டுப் பிறகு மணலைப் பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் வளை தோண்டத் தோண்டப் பாறை சரியும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மேலே வலை மூடி இல்லையென்றால் மீன் துள்ளித் தரையில் விழும் என்பதையும்.

விலைச்சீட்டில் ‘மணல்சலி உழுவை, தீனி தினம் இரண்டு மூன்று வேளை’ என்று எழுதி ஒட்டக் கடைக்காரருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.