அப்டேட்டுக்குப் பின் மவுஸ் அசையவில்லையா? கடைக்கு ஓடாதீர்கள்

“தம்பி, எலி செத்துப்போய்விட்டது” என்றார்கள் ஆச்சி. 2023 டிசம்பர் நடுவில் ஒரு காலை, கானாடுகாத்தானிலிருந்து அழைப்பு. வீட்டிலேயே பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறவர்கள். தை மாதக் கல்யாணங்களுக்கான தேன்குழல், மணகோலம், சீடைக் கணக்கு முழுவதும் கணினியில் இருக்கிறது. அதில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவன் நான். ஆகவே பழியும் எனக்கே.

நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை பேட்டரி மாற்றியிருந்தார்கள். உறவுக்காரப் பையன் ஒருவன் சுவர்தான் காரணம் என்று தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். எங்கள் பக்கம் எது வேலை செய்யாவிட்டாலும் சுவர்மேல் பழிபோடுவது வழக்கம். முகப்பில் இருக்கிற வைஃபை இரண்டாம் கட்டுக்கு ஒழுங்காக வந்து சேராது என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கணினிக்கும் மவுஸுக்கும் இடையே இருப்பது ஒரு முழம். நடுவில் சுவர் ஏது?

முதலில் மவுஸைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் விளக்கு எரிந்தது, உயிர் இருக்கிறது. கணினியில் குட்டி யுஎஸ்பி ரிசீவர் எதுவும் செருகப்படவில்லை; ஆக, இது புளூடூத் மவுஸ். இதைப் பார்ப்பது முக்கியம். ரிசீவரோடு வரும் மவுஸுக்கும் புளூடூத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதற்குப் போய் புளூடூத்தைக் குடைந்துகொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

“ஏதாவது அப்டேட் செய்தீர்களா ஆச்சி?”

“நான் ஒன்றையும் தொடவில்லை தம்பி.”

அவர்கள் சொன்னது பொய்யில்லை. உபுண்டு பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாகவே நிறுவிக்கொள்ளும். விசைப்பலகையில் கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் அழுத்தி, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்தேன். நிறுவல் பதிவேட்டில், மவுஸ் நின்றுபோன அதே நாளில் புளூ-இசட் புதுப்பிக்கப்பட்டிருந்தது. லினக்ஸில் புளூடூத்தை நடத்துகிற மென்பொருள் அது. அடுத்து புளூடூத் சேவையின் பதிவைப் பார்த்தேன். பிணைக்கப்படாத சாதனம் என்பதால் இணைப்பை மறுத்ததாக ஆங்கிலத்தில் ஒரு வரி. மவுஸின் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அதே வரி மீண்டும் வந்தது. பாவம், மவுஸ் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

அந்த மாதம்தான் மார்க் நியூலின் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஓர் ஓட்டையை வெளியிட்டிருந்தார். சிவிஇ-2023-45866 என்பது அதன் எண். புளூடூத் வீச்சுக்குள் நிற்கும் ஒருவர், தன் கருவியை விசைப்பலகை என்று சொல்லிக்கொண்டு உங்கள் கணினியோடு இணைந்து, உங்களைக் கேட்காமலேயே எழுத்துகளைத் தட்டலாம். லினக்ஸில், கணினி பிற கருவிகளின் கண்ணில் படும் நிலையில் இருந்தாலே போதும். இத்தனைக்கும் இதற்கான பூட்டு 2020இலேயே வந்துவிட்டது. பூட்டைத் தொங்கவிட்டார்களே தவிரப் பூட்டவில்லை. இந்த அப்டேட் அதைப் பூட்டியது. சாவி பரிமாறிக்கொள்ளாத பழைய வகைப் புளூடூத் மவுஸ், விசைப்பலகை எதுவும் இனி உள்ளே வர முடியாது.

ஆச்சியின் மவுஸ் பழைய வகை. முதல் நாளில் ‘இணை’ என்பதை மட்டும் அழுத்தியிருக்கிறார்கள். சாவி பரிமாறி ஜோடி சேர்க்கும் வேலை நடக்கவே இல்லை. அத்தனை நாளும் முகத்தைப் பார்த்தே உள்ளே விட்டுக்கொண்டிருந்தது கணினி.

டெர்மினலில் புளூடூத்-சிடிஎல் (bluetoothctl) என்ற கட்டளையைத் திறந்து ‘இன்ஃபோ’ கேட்டால் இது தெரிந்துவிடும். ‘பேர்ட்’, ‘பாண்டட்’ என்ற வரிகளுக்கு எதிரே ‘நோ’ என்றிருந்தால் இதே நோய்தான். மருந்து எளிது. பழைய பதிவை ‘ரிமூவ்’ கொடுத்து நீக்குங்கள். மவுஸின் அடியிலுள்ள பொத்தானை விளக்கு வேகமாகச் சிமிட்டும் வரை அழுத்திப் பிடியுங்கள். ‘ஸ்கேன் ஆன்’ கொடுத்து மவுஸ் தென்பட்டதும் ‘பேர்’, பிறகு ‘டிரஸ்ட்’, கடைசியாக ‘கனெக்ட்’. இந்த வரிசை மாறக் கூடாது; அவசரத்தில் முதலிலேயே ‘கனெக்ட்’ கொடுத்தால் பழைய கதைதான். எண் கேட்டால் 0000 தட்டிப் பாருங்கள். முடிந்ததும் ஒருமுறை கணினியை அணைத்துப் போட்டுச் சரிபார்த்துவிடுங்கள். ஆச்சி வீட்டில் எல்லாம் சேர்த்து, காப்பி ஆறுவதற்குள் முடிந்தது.

ஒரே கணினியில் விண்டோஸும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இரண்டு இயங்குதளங்களும் தனித்தனிச் சாவி வைத்துக்கொள்ளும்; பல மவுஸ்கள் கடைசியாகப் பெற்ற சாவியை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். அங்கே ஜோடி சேர்த்தால் இங்கே அறுந்துவிடும். அதற்கு அப்டேட்டைத் திட்டிப் பயனில்லை.

என்னைக் கவலைப்பட வைத்தது தேவகோட்டையில் ஓர் அலுவலகம். பஸ் நிலையத்தை ஒட்டிய கட்டடம், நான்கு கணினிகள், நான்கிலும் இதே கோளாறு. அங்கிருந்த பையன் கெட்டிக்காரன். எங்கோ படித்துவிட்டு, புளூடூத்தின் உள்ளீட்டு அமைப்புக் கோப்பில் ‘கிளாசிக்-பாண்டட்-ஒன்லி’ என்ற வரியை, அதாவது நான் சொன்ன அந்தப் பூட்டையே, ‘ஃபால்ஸ்’ என்று மாற்றிவிட்டான். நான்கு மவுஸும் உடனே ஓடின. “சரி செய்துவிட்டேன் அண்ணன்” என்றான் பெருமையாக. பூட்டிய கதவை நிலையோடு பெயர்த்து வைத்திருக்கிறான்! ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம். உள்ளே ஊரார் வருமான வரிக் கணக்கு.

அவனைத் திட்டவில்லை. அந்த வரியைப் பழையபடி ‘ட்ரூ’ ஆக்கி, புளூடூத் சேவையை மறுபடி தொடங்கி, ஒவ்வொரு மவுஸாக அவன் கையாலேயே ஜோடி சேர்க்கச் சொன்னேன். மூன்று ஒழுங்காகச் சேர்ந்தன. நான்காவது எத்தனை முறை முயன்றும் சாவியை வாங்கிக்கொள்ள மறுத்தது. இப்போது அந்த மேசையில் வயர் வைத்த மவுஸ் இருக்கிறது.